நகராத இருக்கை

(வரதய்யபாளையத்தில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்களில் இம்மேடையில் நண்பர் ஒருவர் சங்க இலக்கியத்தில் காணும் தேர்களைப் பற்றி இனிமையாகப் பேசினார். தேர்ப்பாகனுடைய திறத்தையும் குதிரையின் வேகத்தையும் கேட்டு மகிழ்ந்தோம். இன்று என்னைப் பேசப் பணித்த செயலாளர், "உமக்குத் தெரிந்ததைப் பேசுக" என்று கூறிவிட்டார். எனக்குத் தெரிந்தது ஸ்பேனரும் கிரீஸும். ஆதலின், தேரிலிருந்து இறங்கி, ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். வண்டி முழுவதையும் பற்றியன்று. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஓர் இருக்கையைப் பற்றி மட்டும்.

சிலர் சிரிக்கின்றீர்கள். சிரிப்பவர்களில் பலர் அந்த வண்டியில் ஏறியவர்கள் என்பதை யான் அறிவேன். நம் காலனியில் ஐந்து குடும்பத்தார் பங்கிட்டு இரண்டாங் கையாக வாங்கிய வண்டி அது. குடிநீர்க் கேன் முதல் கொலுப் பொம்மை வரை அது சுமவாத பொருள் இல்லை. எந்த நிறுவனத்தார் செய்தது என்று சொல்ல வேண்டுவதில்லை. ஸ்ரீசிட்டியில் இசுஸு நிறுவனத்தார் 2016 ஏப்ரலில் தொழிற்சாலை திறந்த நாள் முதலாகப் பிக்கப் வண்டிகள் நம் அண்டையிலேயே பிறந்து, புது மணத்துடன் சாலையில் இறங்குகின்றன. நமது வண்டி அவற்றுக்கு மூத்தது, வேறு குலத்தது.

நாம் வாழும் இப்பகுதி, நகர்வதற்குப் பேர்போன பகுதி. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் மாநில எல்லைக் கோடே இங்கு நகர்ந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் செல்ல, செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள் பல ஆந்திரத்துக்கு வந்து, அண்டையில் சத்தியவேடு வட்டமாயின. நம் வரதய்யபாளையமும் 2022 ஏப்ரல் 4 முதல் சித்தூர் மாவட்டத்தை விட்டுத் திருப்பதி மாவட்டத்துக்கு நகர்ந்தது. எல்லையும் மாவட்டமும் நகர்ந்த ஊரில், ஒரு முழ நீளத் தண்டவாளத்தில் ஓர் இருக்கை நகர மறுத்தது. அந்தக் கதைதான் இது.

சென்ற ஆண்டு விழாவன்று மழை தூறியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒலிபெருக்கிப் பெட்டி நனையலாகாது என்று கருதிய நம் இளைஞர்கள், அதை இருக்கைக்குப் பின்னுள்ள சந்தில் திணிக்க எண்ணி, இருக்கையை முன்னே இழுத்தனர். அது வர மறுத்தது. இருவர் காலை ஊன்றி இழுத்தனர். 'கடக்' என்னும் ஓசையுடன் வந்தது. பெட்டி நனையவில்லை, விழாவும் சிறப்பாக நடந்தது. ஆனால் அன்று முதல் இருக்கை பின்னே போகவில்லை. முன் பலகையை முட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. சிறுவர்கள் அமர்ந்தால் தொல்லையில்லை. வளர்ந்தவர்கள் முழங்காலை மார்பருகே மடித்துக்கொண்டு சென்றார்கள். "நாளை பார்ப்போம்" என்றே திங்கள்கள் பல கழிந்தன.

அப்பொழுதுதான் என் அத்தை எங்களுடன் வந்து தங்கினார். சென்னையில் அவருக்கு முழங்கால் மூட்டு மாற்றும் அறுவை நடந்திருந்தது. மருத்துவர் குறித்த நாள்களில் சென்று காலைக் காட்டி, பயிற்சியும் பெற்று வர வேண்டும். வாடகைக் கார் இல்லையா என்பீர்கள். உண்டு, முதல் முறை அதில்தான் சென்றோம். திங்களுக்கு நான்கு முறை அவ்வாறு செல்வது ஆலைச் சம்பளக் கணக்கில் அடங்குவதன்று. இரண்டாம் முறை முக்காலி ஒன்றை வைத்து நம் வண்டியில் ஏற்றினோம். தடா சென்று நெடுஞ்சாலையில் ஏறிச் சென்னை சேரும் வரையில் அவர் முழங்கால் முன் பலகையில் அழுந்தியே இருந்தது. திரும்பி வந்து இறங்கும்போது கால் வீங்கியிருந்தது. "வண்டி நல்லாத்தான்ப்பா இருக்கு, என் கால்தான் நீளம்" என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. இயந்திரங்களைப் பழுது பார்த்து ஊதியம் பெறுபவன் வீட்டில், சிறு பழுதொன்று ஒரு மூதாட்டியின் காலை வருத்தியது.

மறுநாளே வண்டியைச் சாலையோரத்துப் பட்டறை ஒன்றுக்கு ஓட்டிச் சென்றேன். அங்கே எனக்கு இரண்டு யோசனைகள் கிடைத்தன. முதலாவது, பூட்டை அறுத்து எறிந்துவிடுவது. இருக்கை தாராளமாக நகரும். வேண்டிய இடத்தில் நிற்க ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, எப்படியாவது நெம்பிப் பின்னே தள்ளி அங்கேயே வெல்டிங் வைத்துவிடுவது. இரண்டும் அரை மணி நேர வேலை, கூலியும் குறைவு. யான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கூறுவதற்கு முன், இருக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

இருக்கையின் இருபுறத்தும் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள் உண்டு. பட்டறைக்காரர்கள் ரெயில் என்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு பகுதி. கீழ்ப்பகுதி வண்டியின் தரையில் முன்னொன்றும் பின்னொன்றுமாகப் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டது. மேற்பகுதி இருக்கையின் சட்டத்தோடு சேர்ந்தது. ஒன்றின் உதடு மற்றொன்றின் உதட்டுக்குள் மடிந்து கொக்கிபோல் பற்றியிருப்பதால் மேல்நோக்கிப் பிரியாது. இடையே சிறு குண்டுகளோ உருளைகளோ இருந்து சறுக்கலை எளிதாக்கும். கீழ்த் தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள். மேற்பகுதியில் பல் போன்ற பூட்டு. ஸ்பிரிங் அந்தப் பல்லை எப்போதும் துளைக்குள் அழுத்திக்கொண்டேயிருக்கும். நாம் இருக்கையின் முன்னடியில் உள்ள பிடியைத் தூக்கினால் பல் துளையை விட்டு விலகும்; கையை விட்டால் அடுத்த துளையில் விழும். சில வண்டிகளில் ஒரே வளைகம்பி இருபுறப் பற்களையும் தூக்கும். நம் வண்டியைப் போன்றவற்றில் பிடி ஒருபுறம் மட்டுமே. அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி குறுக்கே சென்று மறுபுறத்துப் பல்லை இழுக்கும்.

இந்தப் பூட்டு வெறும் வசதிக்காக வைத்ததன்று. பிரேக்கை முழு வலுவுடன் மிதித்தாலும் நம்மை முன்னே தள்ளும் விசை நம் உடல் எடையின் அளவை எட்டுவது அரிது. மோதலில் அது எத்தனையோ மடங்கு பெருகும். அமெரிக்க நாட்டில் 1968 ஜனவரி முதல் கார்களுக்கு நடைமுறைக்கு வந்த 207ஆம் எண் பாதுகாப்புத் தரம், இருக்கையின் எடையைப் போல் 20 மடங்கு விசையை அதன் பிணைப்புத் தாங்க வேண்டும் என்று விதிக்கிறது. ஐக்கிய நாடுகளின் 17ஆம் எண் வாகன விதியும் அதே 20 என்னும் அளவையே கைக்கொள்கிறது. இருக்கை 15 கிலோ என்று கொண்டால் 300 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு. அதைத் தாங்குவன அந்தச் சிறு பற்கள். நம் வண்டியில் இருக்கை வாரின் கொளுவியும் இருக்கைச் சட்டத்திலேயே மாட்டியிருக்கிறது. ஆதலின் அமர்ந்தவரின் பளுவும் அதே பற்களைத்தான் சேரும். இவற்றை அறுத்துவிட்டு மரக்கட்டையை வைத்தால், கட்டை பின்னே போவதைத் தடுக்குமேயன்றி முன்னே பாய்வதைத் தடுக்காது. வெல்டிங்கைப் பற்றிக் கேட்பீர்கள். கடினப்படுத்திய மெல்லிய தகட்டில் பெருந்தீயைக் காட்டினால் அதன் வலிமை கெடும். பஞ்சும் ரெக்சினும் எரியும் பொருள்கள். அன்றியும், அத்தைக்குப் பின் ஒரு குள்ளமானவர் அமர வேண்டாமா?

காலனிக்கு வெளியே டயர் ஒட்டும் கடை வைத்திருக்கும் தெலுங்கு நண்பர் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். இளமையில் லாரிப் பட்டறைகளில் உழைத்து முதிர்ந்த கை. ஞாயிறன்று அவரை அழைத்தேன். வந்தவர் சுத்தியலைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். டார்ச்சு விளக்கைக் கேட்டார். தரையில் படுத்து நெடுநேரம் பார்த்தார். "இருக்கைக்குக் கோபம் இல்லை அண்ணா, வயிற்று வலி" என்றார்.

பிடியின் போக்கைக் கொண்டே நோயைப் பாதி அறியலாம் என்பதை அன்று அவரிடம் கற்றேன். பிடி தளர்ந்து தொங்கினால் கம்பி அறுந்தது அல்லது ஸ்பிரிங் கழன்றது. பிடி அசையவே இல்லையென்றால் பல், துளையின் விளிம்பில் நெருக்குண்டு நிற்கிறது. அப்பொழுது இருக்கையைப் பின்னே தள்ளத் தள்ள நெருக்கம் மிகும். முதலில் எதிர்த் திசையில் சிறிதே தள்ளி, பல்லின் மேலுள்ள பளுவை நீக்கிப் பின் பிடியைத் தூக்க வேண்டும். பிடி நன்றாகத் தூக்கியும் இருக்கை நகரவில்லையென்றால், ஒருபுறம் விடுபட்டு மறுபுறம் பூட்டியிருக்கிறது, அல்லது பாதையில் தடை இருக்கிறது. ஒற்றைக் கையால் ஓரத்தைப் பற்றி இழுத்த மேசை இழுப்பறை கோணிக்கொண்டு சிக்குவதை வீட்டில் கண்டிருப்பீர்கள். நம் இருக்கையும் அவ்வாறு கோணி நின்றது. கதவுப் பக்கம் விடுபட்டது. உட்பக்கப் பல் விடவில்லை. அதற்கு மேல் பாதையிலும் தடை.

தடைக்குக் காரணம் தேடினால் அது 2021 நவம்பருக்குப் போகிறது. திருப்பதி வட்டாரத்தையே வெள்ளக்காடாக்கிய அந்த மழையில் நம் வண்டி ஓரிரவு முழுவதும் தண்ணீரில் நின்றது. மேலே தெரிந்த ஈரத்தைத் துடைத்தோம். தரைவிரிப்பின் அடியில் தங்கிய சேற்றை ஒருவரும் பார்க்கவில்லை. சேறு காய்ந்து மண்ணாயிற்று, இரும்பு துருவாயிற்று, பழைய கிரீஸ் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து கல்லாக்கிற்று. நெல்மூட்டை ஏற்றிய நாளில் உதிர்ந்த மணிகளும், பிள்ளைகள் தின்று போட்ட வேர்க்கடலைத் தோடும் அதில் அடக்கம்.

தொடக்கத்தில் எண்ணெய் ஒரு துளியும் விடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்மில் பலர் முதலில் செய்வது அதைத்தான். மண்ணின் மேல் எண்ணெய் விட்டால் அது தேய்க்கும் சாந்தாகி உள்ளே இறங்கும். ஆதலின் உலர்ந்த நிலையிலேயே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் கம்பித் தூரிகையாலும் சுரண்டினோம். வீட்டுத் தூசி உறிஞ்சியை வைத்து இழுத்தோம். ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரின் நுனியில் உட்பக்கத் தண்டவாளத்திலிருந்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்று வந்தது. விளிம்பு நசுங்கியிருந்தது. 'கடக்' என்று அன்று கேட்ட ஓசைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நாணயத்தை எடுத்தும் இருக்கை அசையவில்லை. நண்பர் வியப்படையவில்லை. "இன்று போதும்" என்று கூறி, துருவுக்குள் ஊறும் எண்ணெயைத் தண்டவாளத்தின் நெடுகிலும், பற்களிலும், தரைப் போல்ட்டுகளிலும் தெளித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அந்த எண்ணெயைப் பற்றி ஒரு சிறு செய்தி. டபிள்யூடி-40 என்னும் பெயரில் நீலக் குப்பியில் விற்கிறதே, அது 1953இல் அமெரிக்காவில் சான்டியேகோ நகரத்தில் மூன்று பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தில் பிறந்தது. நீரை விலக்கும் கலவையை நாற்பதாம் முயற்சியில் கண்டதால் அந்த எண். அட்லஸ் என்னும் ஏவுகணையின் மேற்றகடு துருப்பிடியாதிருக்க அதை முதலில் பூசினார்கள். புலிக்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட்டுகள் எழுவதை மொட்டை மாடியில் நின்று பார்ப்பவர்கள் நாம். ஏவுகணைக்குப் பிறந்த எண்ணெய் நம் வண்டியின் இருக்கைக்கும் உதவியது. ஆனால் அது துருவை இளக்குமேயன்றி நெடுநாள் வழுவழுப்பைத் தராது. அதை மட்டும் தெளித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவோர் மறு மழைக்கு மீண்டும் படுத்துப் பார்க்க நேரும்.

மறுநாள் மாலை ஆலையிலிருந்து திரும்பியதும் மீண்டும் கூடினோம். யான் பிடியைத் தூக்கிக்கொண்டேன். நண்பர் உட்பக்கப் பல்லை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பித் தூக்கினார். குறுக்குக் கம்பி நீண்டு தளர்ந்திருந்ததால் அந்தப் பல் பாதியளவே எழுந்துகொண்டிருந்தது. என் மைத்துனர் முன்னே நின்று, முதலில் இருக்கையைத் தம் பக்கம் இம்மி இழுத்து, பின் அடிச்சட்டத்தை இரு கையாலும் சமமாகப் பற்றித் தள்ளினார். முதுகுச் சாய்வைத் தள்ளலாகாது. தள்ளினால் சாய்வின் கீல் நோகும், இருக்கை நகராது. அரை விரல் நகர்ந்தது. மீண்டும் முன்னே, மீண்டும் பின்னே. ஒவ்வொரு முறையும் இன்னும் சிறிது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படியே சென்றது. பிறகு ஒரு முறை, எவ்வித அறிவிப்புமின்றி, கடைசித் துளை வரை சறுக்கிச் சென்றது. மைத்துனர் அதனுடனேயே வண்டிக்குள் விழுந்தார். அடிபடவில்லை.

அதன் பிறகே உண்மையான வேலை. இருக்கை பின்னே சென்றால்தான் முன் போல்ட்டுகள் தெரியும். முன்னே வந்தால்தான் பின் போல்ட்டுகள் தெரியும். இப்போது நான்கையும் கழற்ற முடிந்தது. நம்முடையது பழைய வண்டி. அடியில் மின்கம்பிகள் இல்லை. புது வண்டி வைத்திருப்போர் இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கம்பி உறையைக் கண்டால் கை வைக்க வேண்டாம். அது காற்றுப்பைக்கோ வாரை இறுக்கும் கருவிக்கோ செல்வது. பாட்டரி இணைப்பைக் கழற்றிக் காத்திருந்து, அறிந்தவர் மட்டுமே தொட வேண்டியது.

இருக்கையை வெளியே எடுத்துக் கவிழ்த்து, தண்டவாளங்களை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தோம். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் அருகில் இல்லாமல். துருவைச் சுரண்டிப் பார்த்ததில் தகட்டில் விரிசல் இல்லை, பற்களும் தேயவில்லை. தேய்ந்திருந்தால் தண்டவாளத்தையே மாற்றியிருப்போம். பல்லை அரம் போட்டுக் கூர்மையாக்கும் வேலையை யான் ஒப்புவதில்லை. குறுக்குக் கம்பியைப் புதிதாக மாற்றினோம். நான்கு போல்ட்டுகளில் மூன்றின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. நான்காவதில் 4.6 என்றிருந்தது, நமக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் எவரோ மாட்டியது. அதன் இழுவலிமை மற்றவற்றில் பாதியே. இத்தனை ஆண்டுகள் நம் பிள்ளைகளை அந்தப் போல்ட்டின் மேல் அமர்த்திச் சென்றிருக்கிறோம் என்று எண்ணியபோது, இருக்கை சிக்கியதற்கு ஒருவாறு நன்றி கூறத் தோன்றியது. அதையும் 8.8 ஆக மாற்றினோம்.

லித்தியம் கிரீஸை விரலால் மெல்லிய படலமாகத் தடவினோம். அள்ளி அப்பவில்லை, மிகுந்த கிரீஸ் அடுத்த மண்ணுக்கு விருந்து. மாட்டும்போது நண்பர் இன்னொரு நுணுக்கத்தைக் காட்டினார். நான்கு போல்ட்டுகளையும் விரலளவுக்கே முடுக்கி, இருக்கையை முன்னும் பின்னும் கடைசி வரை பலமுறை ஓட்டி, இரு தண்டவாளங்களும் தாமே இணையாக அமர்ந்த பின்னரே இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் கோணல் நிலைத்துவிடும். பழைய சிக்கல் திரும்பும்.

இறுதியில் சோதனை. ஒவ்வொரு துளையிலும் நிறுத்தி, பிடியை விட்டு, இருபுறமும் 'கிளிக்' என்னும் ஓசை கேட்கிறதா என்று காது வைத்துக் கேட்டோம். பிடியைத் தொடாமல் முன்னும் பின்னும் உலுக்கினோம். பருமனான என் மைத்துனரை அமர்த்திக் காலைத் தரையில் உதைத்துப் பின்னே தள்ளச் சொன்னோம். நகரவில்லை. இவ்வளவும் ஆன பிறகே வண்டியைக் கிளப்பினோம். தாய்மார்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இருக்கையை நகர்த்தியபின் ஒரு பக்க ஓசை மட்டும் கேட்டால் வண்டி புறப்படலாகாது. இடுப்பால் ஒருமுறை அசைத்து மறுபக்கமும் விழுந்ததை உறுதி செய்துகொண்டு புறப்படச் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு என்று பொருளாளர் கண்ணால் கேட்கிறார். கம்பி, ஒரு போல்ட், ஒரு குப்பி எண்ணெய், சிறு டப்பா கிரீஸ். நண்பர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அத்தை கையால் செய்த அதிரசம் ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினோம். அதை மறுக்கவில்லை.

அத்தை இப்பொழுது கடைசியிலிருந்து மூன்றாவது துளையில் அமர்ந்து, காலை நீட்டிச் சென்னை சென்று வருகிறார். கடைசித் துளையில் அமர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே வயல் தெரியவில்லையாம். நசுங்கிய நாணயத்தை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் அமர்கிறேன். வரும் ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கிப் பெட்டி வண்டியின் பின்தட்டில், தார்ப்பாய் போர்த்திக் கயிற்றால் கட்டி வரட்டும். தார்ப்பாய் என் வீட்டில் இருக்கிறது.